நமக்குப் பிடிக்காத படத்துக்கும் அதே நியாயம்
(கலூர் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)



'ஒரே ஒரு கிராமத்திலே' படம் பலருக்கு ஞாபகமிருக்கும். பொய் ஜாதிச் சான்றிதழால் உத்தியோகம் பெற்ற பிராமணப் பெண்ணின் கதை. ஜாதிவாரி இடஒதுக்கீட்டை விமரிசித்தது. சென்சார் போர்டு கொடுத்த 'யு' சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திரையிட்டால் கலவரம் வரும் என்றது தமிழக அரசு. 1989 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டுத் தந்தது. வெடிமருந்தில் விழும் பொறிபோல ஆபத்து உடனடியானதாக இருந்தாலன்றிப் பேச்சுரிமையைப் பறிக்கலாகாது, மிரட்டுபவர்களைக் கட்டுப்படுத்துவதே அரசின் கடமை என்றது.

சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன்: 'சட்டம் ஒழுங்கு' என்று ஃபைலில் எழுதித் தடுப்பது சுலபம், போலீஸ் பந்தோபஸ்து போட்டு நடத்துவதுதான் சிரமம்.

அன்று நம்மில் பலர் சந்தோஷப்பட்டோம். ஆனால் நம்மைப் பரிகசிக்கும் படம் வந்தால் தடை கேட்டு மனு எழுதுகிறோம். படத்தை நிறுத்திவைக்கக் கேரளத்தின் 1958-ஆம் வருஷத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்திலும் இடமுண்டு. ஆனாலும் அந்தத் தீர்ப்பு இங்கேயும் செல்லும்.

பிடிக்காத படத்துக்குப் போகவேண்டாம்; மறுப்பு எழுதுங்கள். தடை மட்டும் கேட்காதீர்கள். நமக்குக் கிடைத்த நியாயம் எல்லோருக்கும் பொது.