கொதிக்கவிடக் கூடாத பானம்



ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போகிறவர்கள், குளிருக்கு இதமாக, குவளையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே குடிக்கும் பானம் குளுவைன். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை சேர்த்துச் சூடாக்கியது. டிரெஸ்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் 1834-ஆம் ஆண்டுச் செய்முறை ஒன்றில் இஞ்சி, ஜாதிக்காய், குங்குமப்பூவோடு ஏலக்காயும் இடம்பெறுகிறது.

அந்த ஏலக்காய்க்கு நம் போடிநாயக்கனூர் பெயர்பெற்ற சந்தை. திராட்சைக்கோ கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் பந்தல் பந்தலாகக் காய்க்கும் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். நாசிக்கில் ஆண்டுக்கு ஒரு அறுப்புதான். இங்கே முறைவைத்துக் கவாத்து செய்வதால் மார்கழியிலும் புதுப் பழம் கிடைக்கிறது.

இந்தப் பழத்தில் குளுவைன் செய்யலாம் என்றால், வீட்டில் ஒயின் தயாரிக்க நம் மாநில மதுவிலக்குச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் நாம் பழச்சாற்றில் செய்வோம். ஜெர்மானியர்களும் குழந்தைகளுக்காக மதுவில்லாமல் இப்படி ஒன்று செய்கிறார்கள். கிண்டர்புன்ஷ் என்று அதற்குப் பெயர்.

இந்தக் கலையின் சூட்சுமம் அடுப்பில் இருக்கிறது. எரிசாராயம் 78 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும் என்பதால், குளுவைன் செய்கிறவர்கள் தீயைத் தணித்தே வைப்பார்கள். சாற்றில்தான் சாராயம் இல்லையே, கொதித்தால் என்ன என்று தோன்றலாம். பன்னீர் திராட்சைக்குப் பெயர் வாங்கித் தந்த வாசனை ஆவியோடு போய்விடும். மிஞ்சுவது புளிப்பும் இனிப்பும் மட்டுமே.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிலோ பழத்தை உப்புத் தண்ணீரில் அலசி, காம்பு நீக்கி, கையால் பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம்; விதை உடைந்தால் துவர்க்கும். கை பொறுக்கும் சூட்டில் சற்று நேரம் வைத்தால் தோலின் கருநீலம் சாற்றில் இறங்கும். பிறகு வடிகட்டுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, தட்டிய ஏலக்காய் இரண்டு, வெள்ளைப் பகுதி சீவிய ஆரஞ்சுத் தோல். கொதிக்க வேண்டியது இதுதான், நன்றாகக் கொதிக்கட்டும். இறக்கி வடித்து, சாற்றோடு கலந்து, ஆவி பறக்கத் தொடங்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். சர்க்கரையைக் கடைசியில், ருசி பார்த்துச் சேருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

மசாலாவின் அளவு குறைவாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். சந்தைக் குளுவைனில் பெரும்பாலும் சாதாரண ஒயினே சேர்கிறது. அதன் குறையைப் பட்டையும் சர்க்கரையும் மூடிவிடும். பன்னீர் திராட்சையில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. நாலு ஏலக்காய் போட்டால் ஏலக்காய்க் கஷாயம்தான் குடிப்பீர்கள். குளுவைனை அப்படியே பின்பற்றுவதைவிட, அதன் நிதானமான சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மசாலாவைப் பாதியாக்குவதே நம் பழத்துக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இந்த வாரம் கம்பம் சந்தைப் பக்கம் போனால், தோலில் வெண்சாம்பல் படிந்த, காம்பு பச்சை மாறாத குலையாகப் பார்த்து வாங்குங்கள். பழம் நன்றாக அமைந்துவிட்டால் அடுப்புக்கு அதிக வேலை இல்லை.