லிமிடெட் எடிஷன் பேட்ஜ்: கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் என் பேரன் போனில் ஒரு டிஸ்னி பேட்ஜைக் காட்டினான். "தாத்தா, லிமிடெட் எடிஷன். 200 டாலர் போட்டிருக்கு. தெரிஞ்ச பையன் பத்தாயிரம் ரூபாய்க்குத் தர்றான். வாங்கி வித்தா லாபம்" என்றான். பணத்தை எடுத்தும் விட்டேன். நம் குடியிருப்பில் பல பிள்ளைகள் இதைச் சேர்க்கிறார்கள்; அதனால் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில் 1999-ல் இந்த பேட்ஜ் பரிமாற்றம் தொடங்கியது. எத்தனை செய்தார்கள் என்ற எண் பேட்ஜின் பின்பக்கம் இருக்கும். 300 செய்தாலும் லிமிடெட்தான், 5,000 செய்தாலும் லிமிடெட்தான். எண் குறைவாக இருந்தால் மட்டும் போதாது; அந்தக் கார்ட்டூன் பாத்திரத்துக்கு ரசிகர்களும் வேண்டும்.

அடுத்தது விலை. 200 டாலர் என்பது விற்பவர் கேட்கும் விலை. இபே தளத்தில் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்கலாம். அதே பேட்ஜ் அங்கே 35, 40 டாலருக்குத்தான் கைமாறியிருந்தது. அதிலும் கமிஷன், தபால் செலவு போக மிஞ்சுவதே நம்முடையது.

போலிகளும் ஏராளம். வண்ணம் குழிந்திருந்தாலோ, ஓரம் சொரசொரவென்று இருந்தாலோ, மொத்தமாக மலிவாகக் கிடைத்தாலோ சந்தேகப்படுங்கள். பேட்ஜோடு வந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

பணத்தை மறுபடி உள்ளே வைத்தேன். பேரன் முகம் வாடியது. மறுநாள் அவனே விற்ற விலைகளைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, தாத்தா" என்றான்.

பிடித்திருந்தால் வாங்கிக் கொடுங்கள். லாபத்துக்கு என்றால், முதலில் விற்ற விலையைப் பாருங்கள்.