அடுப்புக்கு ஏது அக்கினி மூலை?

(வெள்ளிமலையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் புராணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. அடுப்பைப் பற்றியும் கக்கூசைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். இதெல்லாம் கூட்டத்தில் பேசுகிற சங்கதியா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள் ஆண்களாய்த்தான் இருப்பார்கள். ஏனென்றால் அடுப்பு ஊதுகிறவர்களும் அவர்களல்ல; இருட்டும் வரை வயிற்றை அடக்கிக் கொண்டு காத்திருக்கிறவர்களும் அவர்களல்ல.

நேற்றிரவு நாம் தங்கிய வீட்டுக்காரர், குடகுக் காப்பித் தோட்டத்தில் மிளகு பறித்துச் சேர்த்த கூலியைக் கொண்டு சமையற்கட்டை மாற்றிக் கட்டவும், ஒரு குளிப்பறையும் கக்கூசும் வைக்கவும் எண்ணியிருக்கிறார். நல்ல எண்ணந்தான். ஆனால் முதலில் யாரைக் கேட்டார்? கொத்தனாரையா? அந்த அடுப்பில் வேகிற தம் மனைவியையா? பஸ் ஏறிக் கீழே போய் ஒரு வாஸ்துக்காரரைக் கேட்டிருக்கிறார்! அந்த மனிதர், "அடுப்பு தென்கிழக்கில் அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும், ஈசானிய மூலையில் கக்கூசு கூடாது, அதை வடமேற்கில் வை" என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்கிக் கொண்டார். மலையையும் பார்க்கவில்லை, மனையையும் பார்க்கவில்லை. 1976ல்தான் இந்த மலையில் ஜாகீர் ஒழிந்தது. ஜாகீர்தாருக்குக் கொடுத்தது நின்றது என்று பார்த்தால், வாஸ்துக்காரருக்குக் கொடுக்க ஆரம்பித்து விட்டோம்!

இன்று காலை நாமும் அந்த வீட்டைச் சுற்றி வந்தோம். அதன் வடமேற்குப் பக்கம் மேடு. மேட்டுக்குக் கீழே 20 அடியில், இவர்களும் அண்டை வீட்டாரும் குடிக்கிற கிணறு! அந்தத் தாளின்படி குழி வெட்டினால் கக்கூசுத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? யோசித்துப் பாருங்கள். தண்ணீருக்கு ஈசானியம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். பிறகு பிள்ளைகளுக்குப் பேதி கண்டால், "மூலை சரியில்லை" என்று அதே ஆள் வேறொரு சுவரை இடிக்கச் சொல்லுவார், அதற்கும் பணம்.

சில படித்தவர்கள், "வாஸ்துவும் விஞ்ஞானந்தான், காலை வெயில் படவே அடுப்பைத் தென்கிழக்கில் வைத்தார்கள்" என்கிறார்கள். வெயில் வேண்டுமானால், வெயில் வருகிற பக்கம் பார்த்து ஜன்னல் வை என்று சொல்லிவிட்டுப் போகலாமே! கிழக்கே மலை மறைக்கிற வீட்டுக்கு அக்கினி பகவான் எந்த வழியாய் வெயில் கொண்டு வருவார்?

அந்த வீட்டு அம்மாளை நாம் கேட்டோம். இதுவரை யாரும் கேட்காத கேள்வியானதால் முதலில் வெட்கப்பட்டார்; பிறகு மளமளவென்று சொன்னார். கியாஸ் அடுப்பு காப்பித் தண்ணீருக்கு மட்டுந்தானாம். சாமைச் சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகுதான். சிலிண்டர் வாங்கப் பணம் வேண்டாமா? புகை போக வழியில்லை. விறகு ஒரு கோடியில், தண்ணீர் மறுகோடியில். அடுப்புப் புகை முதலான வீட்டுக்குள் புகையால் 2020ல் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. ஆகவே விறகு எரிகிற வரைக்கும் கூரைக்கு மேலே போகிற புகைக்குழாயும், எதிரெதிராக இரண்டு திறப்பும் வேண்டும். மேடை அந்த அம்மாளின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால் போதும். அளவு எடுக்க வேண்டியது அவரைத்தான், பஞ்சாங்கத்தையல்ல.

இது நம்முடைய கற்பனையல்ல. ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டு நகரத்தில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டியபோது, 1926ல் மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி, சமைக்கிறவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் பார்த்து, சுமார் 6 அடி அகலமும் 11 அடி நீளமுமான ஒரு சமையலறையை அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது வைக்கப்பட்டது. பின்னால் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவரும் இவர்தான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒருவர்தான் நின்று வேலை செய்யலாம். புருஷன் உள்ளே வந்து கைகொடுக்க இடமில்லை. நாம் இரண்டு பேர் நிற்க இடம் விட்டே கட்டுவோம்.

இனி கக்கூசு. வீட்டுக்காரர் பெரிய தொட்டி ஒன்று கட்டி மூடிவிடலாம் என்கிறார். அது நிறைந்தால் யார் இறங்குவது? அவர் இறங்குவாரா? வாஸ்துக்காரர் இறங்குவாரா? ஒரு குறிப்பிட்ட ஜாதியானைத்தானே தேடிப் போவீர்கள்? 2013ல் சட்டம் போட்டுத் தடுத்த பின்னும் விஷவாயுவில் மனிதர்கள் செத்துக் கொண்டிருக்கிறார்களே! நம் வீட்டு மலத்துக்கு இன்னொருவன் உயிரா?

அதற்கு இரட்டைக் குழி இருக்கிறது. ஒவ்வொன்றும் 3 அடி அகலம், அதற்குச் சற்று அதிகமான ஆழம். சுவரில் செங்கல்லை இடைவிட்டு அடுக்க வேண்டும். அடியில் சிமிட்டி பூசக்கூடாது. ஒன்று நிறையச் சில வருஷங்களாகும். நிறைந்ததும் மற்றதில் திருப்பிவிட்டு, முதற்குழியை 2 வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி மரவள்ளிக்குப் போடலாம். சரிவான பீங்கான் வைத்தால் ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீரே போதும். தண்ணீர் சுமக்கிறவர்களுக்கு அது பெரிய காரியம். குழி கிணற்றுக்கு 33 அடியாவது தள்ளி, கிணற்றைவிடப் பள்ளத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஊற்று எடுக்கிற இடமும் ஆகாது.

அந்த வீட்டில் இதற்கெல்லாம் பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஈசானிய மூலை! வீட்டுப் பெரியவர் முதலில், "குடும்பத்துக்கு ஆகாதே, அய்யா" என்றார். கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ச் சரிவைக் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தாமே கயிறு பிடித்து 33 அடி அளந்தார். நாளைக் காலையில் குழி வெட்டுகிறார்கள். மண் கெட்டியாயிருக்கிறது, கடப்பாரை வைத்திருக்கிற தோழர்கள் நான்கு பேர் வந்தால் நல்லது.