முகம் பார்த்துப் பேசுவோம்

(ஏற்காட்டில் நடைபெற்ற காப்பித் தோட்டத் தொழிலாளர் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்ப விஷயமாகப் படலாம். செல்போனில் நாம் ஒருவரையொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்பதுதான் அது. கூலி, போனஸ் பிரச்னைகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். நடந்ததை முதலில் சொல்கிறோம்.

நமது கிளையின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளம் தோழர் ஒருநாள் இரவு இப்படி எழுதினார்: "சந்தாப் பணம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்." கிளைப் பொருளாளர் பதில் எழுதினார். பதிலுக்குப் பதில் வந்தது. நள்ளிரவுக்குள் இரண்டு பேர் குடும்பமும் சந்திக்கு இழுக்கப்பட்டது. எந்த அமைப்பில் சொல்லக்கூடாதோ அந்த அமைப்பில் சாதிப் பெயரும் சொல்லப்பட்டது.

மறுநாள் காலை என்ன நடந்தது? அதே இரண்டு பேரும் ஒண்டிக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீ குடித்தார்கள். "மழை வருமாண்ணே?" என்றார் இளைஞர். "வர்ற மாதிரிதான் இருக்குது தம்பி" என்றார் பெரியவர். இரவு வந்ததும் மறுபடியும் யுத்தம்!

இவர்களில் எவர் உண்மையான மனிதர்? டீக்கடையில் நின்றவரா, இரவில் எழுதியவரா? இரண்டும் ஒரே ஆள்தான். அப்படியானால் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் டிரைவர் தோழர்களைக் கேளுங்கள். மூட்டம் இறங்கிய நாளில் எதிரே வரும் வண்டியின் இரண்டு விளக்குகள் மட்டுமே தெரியும். ஹாரனை அழுத்துகிறோம், வாய்க்கு வந்தபடி திட்டுகிறோம். மூட்டம் விலகி, உள்ளே இருப்பது சொந்த மாமா என்று தெரிந்தால்? "நீங்க போங்க மாமா" என்று கை தானாகவே வழிகாட்டுகிறது. செல்போனும் ஒரு மூட்டம்தான். விளக்கு தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

நம் ஜனங்கள் இதை அறியாதவர்களல்ல. முகதாட்சண்யம் என்று அவர்கள்தானே சொன்னார்கள்? திருக்குறளில் 58வது அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இரக்கம் என்ற குணத்துக்குக் கண்ணை வைத்தே பெயரிட்டது நம் மொழி. இன்றைய ஆராய்ச்சியும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2012ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், 142 பேரை இரண்டிரண்டு பேராகக் கம்ப்யூட்டர் வழியே விவாதிக்க விட்டார்கள். சிலருக்குப் பெயர் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்கு எதிராளியின் உருவம் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருடைய கண்கள் மட்டும் ஒன்றையொன்று சந்தித்தன. வசைச்சொல் பெருகியதற்கு முதல் காரணம் பெயர் மறைவு அல்ல, கண்ணும் கண்ணும் சந்திக்காததே என்று அவர்கள் கண்டார்கள். நமது குழுவில் எல்லோருக்கும் எல்லோர் பெயரும் தெரியும். அப்படியும் சண்டை வந்ததற்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

டீக்கடையில் ஒரு சொல் தடித்தால், எதிரே இருப்பவர் முகம் வாடுவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறோம். போனில் வாடிய முகம் தெரியாது. நூறு பேர் வேடிக்கை பார்ப்பது மட்டும் தெரியும். நூறு பேர் முன்னிலையில் பின்வாங்க யாருக்கு மனம் வரும்?

இந்தக் கோபத்தில் ஆதாயம் அடைபவர்களும் உண்டு. பேஸ்புக் கம்பெனி 2017ல் தனது கணக்கில், ஒரு பதிவுக்குக் கிடைக்கும் ஒரு 'கோபக்' குறியை ஐந்து 'லைக்'குகளுக்குச் சமமாக வைத்திருந்தது. 2021ல் வெளியான அந்தக் கம்பெனியின் உள் ஆவணங்கள் இதைக் காட்டின. பிற்பாடு அந்த மதிப்பைக் குறைத்து, 2020ல் பூஜ்யமாக்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதுவரை ஜனங்களின் கோபம், அவர்களை அதிக நேரம் திரைமுன் உட்கார வைக்கும் சரக்காக இருந்தது. நாம் சண்டை போட்டால் நமக்கு நஷ்டம். விளம்பர வருமானம் அவர்களுக்கு!

போனில் பேசியது போனோடு போகட்டும் என்று சொல்லும் தோழர்கள் 2018 மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அப்போது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த 65 வயதுப் பெண்மணி குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். கூடிய கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அவருடைய முகம் அந்த ஜனங்களின் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது அந்த முகத்தையல்ல. போன் ஏற்கனவே வரைந்து கொடுத்திருந்த வேறொரு முகத்தை! இந்தியாவில் பல இடங்களில் இப்படிக் கொலைகள் விழுந்த பிறகே, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே சமயத்தில் அனுப்ப முடியாதபடி அந்தக் கம்பெனி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அப்படியானால் முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் நல்லது, முகம் மறைத்துப் பேசுவது எல்லாம் கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? கூடாது. இந்த மலையில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்று சரித்திரம் கூறுகிறது. அதன் பிறகு எத்தனை தலைமுறை துரையின் முன்னும் கங்காணியின் முன்னும் தலை குனிந்து, வாய் மூடி நின்றது! அதுவும் முகம் பார்த்த பேச்சுத்தான். பலமுள்ளவன் முகத்தைப் பார்த்துப் பலவீனன் பேச முடியாது என்பதால்தானே தேர்தலில் ரகசிய வாக்கு வைத்தார்கள்? வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண் புகார் செய்தால் அவர் யார் என்பதை வெளியிடக்கூடாது என்று 2013ம் ஆண்டுச் சட்டம் சொல்வதும் அதனால்தானே?

ஆகவே கேள்வி இதுதான்: யாரிடமிருந்து முகத்தை மறைக்கிறோம்? பலமுள்ளவனிடமிருந்து மறைத்தால் அது கேடயம். நம்மைப்போன்ற கூலிக்காரனை அடிப்பதற்காக மறைத்தால் அது கல்.

இனி நம்முடைய தவறுக்கு வருகிறோம். அந்த இரண்டு தோழர்களையும் அழைத்து ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம். கணக்குப் புத்தகம் கொண்டுவரப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு தொழிலாளிக்குக் கொடுத்த 600 ரூபாய் கணக்கில் ஏறவில்லை. அவ்வளவுதான். யாரும் எதையும் தின்றுவிடவில்லை. அரை மணியில் விஷயம் முடிந்தது. "இதைக் கூட்டத்திலேயே கேட்டிருக்கக் கூடாதா, தம்பி?" என்று கேட்டோம்.

"கேட்டேனுங்களே! போன கூட்டத்துல எந்திரிச்சேன். நேரமாயிருச்சு, உக்காருன்னு நீங்கதான் சொன்னீங்க."

தோழர்களே, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. உட்காரச் சொன்னது நாங்கள்தான். வாசலில் அடைத்த தண்ணீர் கொல்லைப்புறமாக உடைத்துக்கொண்டு வந்தது. அவர் பேசிய வார்த்தைகளுக்கு அவர் பொறுப்பு. அந்த வார்த்தைகள் இரவு வரை காத்திருந்ததற்கு நாங்கள் பொறுப்பு. முகத்துக்கு நேரே கேட்க இடமில்லாத இடத்தில், முகம் தெரியாத இடத்தில் கத்தல் பிறக்கும். கிளைக்கூட்டம் ஒருவர் பேசி மற்றவர்கள் கேட்கும் சடங்காகிவிட்டால், செல்போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழம் பறிக்கும் பெண்கள்தான் நம்மில் பெரும் பகுதி. அந்தக் குழுவில் அவர்களில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? பல வீடுகளில் போன் மகன் கையிலோ புருஷன் கையிலோ இருக்கிறது. குழுவில் எழுந்த சத்தத்தைத் தொழிலாளர்களின் அபிப்பிராயம் என்று நாம் எண்ணினால், பாதிக்கு மேற்பட்டவர்களைக் கேட்காமலே முடிவு செய்கிறோம்.

எனவே இனி இப்படிச் செய்வோம். ஒவ்வொரு கிளைக்கூட்டத்திலும் அறிக்கைக்கு முன்னால் அரை மணி நேரம் கேள்விக்கு. கணக்கு நோட்டு மேஜைமீது திறந்து கிடக்கும். முதலில் பெண்கள் பேசுவார்கள். வாட்ஸ்அப் குழு கூட்டத் தேதிக்கும் செய்திக்கும் இருக்கட்டும். ஒரு தோழரைப் பற்றிக் குறை இருந்தால் அவருடைய லயத்துக்கு நடந்து போய்ச் சொல்லுவோம். எழுதித்தான் தீரவேண்டும் என்றால், எழுதியதை அவர் எதிரே நின்று வாய்விட்டுப் படிக்க முடியுமா என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம்.

அந்த இளம் தோழர் இப்போது இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கையை உயர்த்தியிருக்கிறார். உரையை இத்துடன் முடித்துக்கொள்கிறோம். தம்பி, எழுந்திருங்கள். கேளுங்கள்.