அடைக்கலமும் துணையும்



நகரத்தில் ஓர் ஆலயத்தின் கதவு அடைபட்டால் அடுத்த தெருவில் மற்றொன்று திறந்திருக்கும். சிற்றூரில் அவ்வாறன்று. அங்கு வழிபாட்டுக்குக் கூடுவோரே சுற்றத்தார். அவர்களே பெண் கொடுப்போரும் கொள்வோரும். ஆகவே சாதிக்கோ சமயத்துக்கோ அப்பால் துணை தேடியவர், உறவையும் சந்நிதியையும் ஒருசேர இழக்க நேர்கிறது. பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் வந்தாரை ஏற்கும் மரபும் இம்மண்ணுக்கு உண்டு.

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரின் தலக்கதை நோக்கத்தக்கது. இரவு தங்க இடம் கேட்டு வந்தவள் மதுரகாளி. மந்திரவாதியின் பிடியில் அல்லலுற்ற செல்லியம்மன் இடம் தரத் தயங்கினாள். வந்தவள் அவனை அழித்துச் செல்லியை மீட்டாள். செல்லி தன் கோயிலையே அவளுக்கு ஈந்து மலைக்குச் சென்றாள். இன்றும் செல்லி இருக்கும் மலைத்திசைக்கே முதல் தீபம் காட்டுவது கோயில் மரபு. வந்தவளும் தங்கினாள், தந்தவளும் மறக்கப்படவில்லை.

அரியலூர்ப் பக்கம், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி உள்ளது. தஞ்சை ஆட்சியில் துன்புற்ற கிறித்தவர்கள் ஆற்றைக் கடந்து இங்குத் தஞ்சம் புகுந்தனர். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இவ்வூரைத் திருக்காவலூர் என அழைத்து, அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். வேற்றுச் சமயத்தவரான அரியலூர் மழவராயர் அவ்வாலயத்துக்கு நிலம் அளித்தார் என்பது தலவரலாறு.

அம்முனிவர் 1726இல் நிறைவு செய்த தேம்பாவணியின் தலைவன் அரசனல்லன், வீரனுமல்லன். வளன் என்னும் தச்சன். மனைவியையும் குழந்தையையும் காக்க எகிப்துக்கு ஓடியவன். துறவி ஒருவர், அடைக்கலம் தேடிய இல்லறத்தானைக் காப்பியத் தலைவனாக்கினார். அடைக்கலம் தனியாளுக்கு மட்டும் உரியதன்று, இணைக்கும் உரியது என்பதை இதைவிடத் தெளிவாக யார் உரைக்க இயலும்?

சட்டமும் ஓரளவு வழிவிட்டுள்ளது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் சமயம் மாறாமலே மணக்க இடந்தருகிறது. 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டம் கூறும் மணமகளே என்று தீர்ப்பளித்தது. ஆனால் 1954இன் சட்டப்படி மண அறிவிப்பு முப்பது நாள் பலர் காண அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். பெருநகரில் அது வெறுந்தாள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறுநகரில் அதுவே பகைக்கு விடுக்கும் அழைப்பாகிவிடக்கூடும். அந்த முப்பது நாளை எங்குக் கழிப்பது என்பதே இன்றைய அடைக்கலக் கேள்வி.

இங்கேதான் இலக்கிய வட்டங்களுக்குப் பணி இருக்கிறது. சாதி கேளாது ஒரே பாயில் அமர்ந்து கவிதை கேட்பது நற்பழக்கம். பத்தாண்டு அதனைக் காத்தது பெருமைக்குரியது. ஆயினும் காதலைப் பாடுவோர், காதலித்தவர் கதவைத் தட்டும்போது என் செய்வர் என்பதே உரைகல். அச்சட்டம் மணமக்களோடு மூன்று சாட்சிகளின் கையொப்பத்தையும் கேட்கிறது. இவ்வவையில் மூவர் இல்லாமற் போவரோ?