பிள்ளை அழுதது, தாயை யார் பார்த்தது?

(பொன்விழாவையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



பேறுகாலத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதும் ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத்தான்.

1983-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு குடிசை வீட்டில் இரண்டாம் பேறு. சிம்னி விளக்கு வெளிச்சம். எனக்கு முன்பே அந்த ஊர் மருத்துவச்சிக் கிழவி வந்து உட்கார்ந்திருந்தாள். சுகமாகவே பெண் குழந்தை பிறந்தது, நஞ்சும் விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுததும் வீடே குழந்தை பக்கம் திரும்பிவிட்டது. நான் கொடியைக் கட்டி, குழந்தையைத் துடைத்து, எடை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டி சேனை வைக்கச் சீனித்தண்ணி கலக்குகிறாள். தகப்பன் வாசலில் நின்று, "யார் சாடை?" என்று கேட்கிறான்.

கிழவி மட்டும் அந்தப் பெண்ணின் இடுப்புக்கடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "நர்சம்மா, பாய் நனையுது" என்றாள்.

"பேறு என்றால் கொஞ்சம் போகத்தான் செய்யும், ஆத்தா" என்று திரும்பிப் பாராமலே சொன்னேன்.

கால்மணி நேரம் கழித்து நான் திரும்பியபோது அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. அடிவயிறு மாவுபோலக் கொழகொழத்துக் கிடந்தது. அழுத்தித் தேய்த்தேன், கையிலிருந்த ஊசியைப் போட்டேன், மாட்டு வண்டியில் ஏற்றினோம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் பாதிவழி போகுமுன் அவள் போய்விட்டாள். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். மேடையில் சொல்வது இன்றுதான். படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தவள் அவள். அந்தக் கிழவியின் எல்லாப் பழக்கத்தையும் நான் மெச்சவில்லை. அரிவாளால் கொடியறுத்து, சாணிச் சாம்பல் வைத்து, ஜன்னி கண்டு எத்தனை சிசுக்கள் போயின! ஆனால் தாயை விட்டு எழுந்திருக்காத ஒரு பழக்கம் அவளிடம் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறையாமல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு கழன்றதும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய்திறந்து கிடக்கும். கர்ப்பப்பை கல்போல இறுகினால்தான் அவை நெரிந்து அடைபடும். அது தளர்ந்துபோனால் திடகாத்திரமான பெண்கூட இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சோகை பிடித்தவளுக்கு அவ்வளவு அவகாசமும் கிடையாது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்குச் சோகை. கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் கூரையில் செருகி வைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

நாம் முன்னேறவில்லை என்று சொல்லமாட்டேன். 2001–03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20-ல் அது 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்கிறார்கள். 108 வண்டி வருகிறது. என்றாலும் உலகம் முழுவதும் ஆண்டுதோறும் பல்லாயிரம் தாய்மார் இந்த ரத்தப்போக்கு ஒன்றினாலேயே இறக்கிறார்கள்.

இந்த மேடையில் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கன்னியர் பிரசவம் பார்ப்பது தகாது என்று நம் திருச்சபையே வெகுகாலம் தடுத்து வைத்திருந்தது. பர்தாவுக்குள் இருந்த பெண்கள் ஆண் டாக்டரிடம் போக மாட்டாமல் சாவதை, ஆஸ்திரியாவிலிருந்து 1920-ல் ராவல்பிண்டிக்கு வந்த டாக்டர் அன்னா டெங்கெல் கண்ணால் கண்டார். 1925-ல் மருத்துவ சேவைக்கென்றே ஒரு சபையை ஸ்தாபித்தார். அவர்களும் பதினோரு வருஷம் காத்திருந்தார்கள். 1936-ல்தான் ரோமாபுரி அந்தத் தடையை நீக்கியது. அதற்கு முன்பே, பாப்பரசர் 15-ஆம் ஆசீர்வாதப்பரின் விசேஷ அனுமதியோடு, ஆஸ்திரேலியாவின் டாக்டர் மேரி குளோரி 1920-ல் குண்டூருக்கு வந்து கன்னியாஸ்திரியாகி வைத்தியம் பார்த்தார். உள்ளூர்ப் பெண்களை மருத்துவச்சிகளாகவும் பழக்கினார். தடை நீங்குவதற்குள் எத்தனை தாய்மார் போயிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அருட்சகோதரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பாய்க்குத் திரும்பி வருகிறேன். பாயிலும் சேலையிலும் ஊறிப்போன ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவோம். கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையை விரித்து, கசிவது எவ்வளவென்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அளவு மீறியதும் வயிற்றைத் தேய்ப்பது, ஊசி, மருந்து, சலைன், காயம் உண்டா என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரச் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபத்தும் 60 சதவீதம் குறைந்தன. என் கிழவி கையை விட்டுப் பார்த்ததை இவர்கள் கோடு போட்டுப் பார்த்தார்கள்.

ஆகவே தாய்மார்களே, உங்கள் மகளோ மருமகளோ பெற்றதும் குழந்தையை ஒருவர் பார்க்கட்டும். இன்னொருவர் இரண்டு மணி நேரம் தாயின் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. துணி நனைந்தால் மாற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நனைந்ததை எடுத்துப்போய் நர்ஸிடம் காட்டுங்கள். தொல்லை கொடுக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். பிறந்ததும் கர்ப்பப்பை இறுகும் ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

ஆண்மக்களே, பிள்ளை யார் சாடை என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். எட்டாம் மாதத்திலேயே மனைவியின் ரத்த வகை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பங்கில் எந்த வீட்டில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று ஒரு நோட்டுப் போடும்படி மரியாயின் சேனையாரைக் கேட்டிருக்கிறேன். அந்த நோட்டு இப்போது வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. எனக்கு 65 வயது தாண்டிவிட்டது, என் ரத்தத்தை எடுக்க மாட்டார்கள். அதனால் முதல் வரியில் என் மகன் பெயரை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.