விளையாட்டுக்குச் சொன்னதா?



நம் பிள்ளைகளில் பலர் இப்போது பால்வெட்டும் கத்தியைத் தொடுவதில்லை. கணினி படிக்கிறார்கள். ஜொகூர் பாருவில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கணினி விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் மகளுக்கு வேலை என்றால், குளுகுளு அறை, நல்ல சம்பளம், இனி வெயிலும் இல்லை, அட்டையும் இல்லை என்று தாய் நிம்மதியடைவாள். அந்தக் குளுகுளு அறைகளில் நடந்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

யூபிசாஃப்ட் என்பது பிரான்சு நாட்டுக் கம்பெனி. 2008-இல் சிங்கப்பூரிலும் கிளை திறந்தது. 2020-இல் அக்கம்பெனியின் பெண் ஊழியர்கள் வாய் திறந்தார்கள். பிரான்சில் ஒரு பெண்ணை நாற்காலியோடு ஒட்டுநாடாவால் கட்டி, மின்தூக்கிக்குள் தள்ளி, வேறு மாடிக்கு அனுப்பினாராம் மேலதிகாரி. கேட்டால், அங்கே எல்லோரும் வேடிக்கையாகத்தான் பழகினோம் என்று சமாதானம். பொபிஞி நகர நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் மூன்று முன்னாள் அதிகாரிகள் குற்றவாளிகளென்று தீர்ப்பளித்தது. மூவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை, அபராதம். சிங்கப்பூர்க் கிளைமீதும் 2021-இல் புகார் எழுந்தது. அங்கே நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் அமைப்பு விசாரித்து, வந்த புகார்களைக் கம்பெனி முறையாகவே கையாண்டது என்று 2022-இல் அறிவித்தது. அதையும் சொல்வதுதான் நியாயம்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்." இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? பெரட்டில் கேட்டிருக்கிறோம். உதிரிப்பழம் பொறுக்கும் இடத்தில் கேட்டிருக்கிறோம். சிரிக்காத பெண்ணுக்கு மறுநாள் மேட்டு நிரை கிடைத்ததையும் பார்த்திருக்கிறோம்.

நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2012-இல் பாலியல் தொல்லை பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது. சொன்னவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்பதல்ல, கேட்டவர் விரும்பினாரா என்பதே அங்கே கேள்வி. பேச்சு, சைகை, காட்டும் படம், தொடுதல் எல்லாம் அதில் அடங்கும். ஆண்களும் புகார் செய்யலாம். புகார் வந்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதிலும் திருப்தியில்லையா, தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். கடமை தவறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி நடுவர் மன்றமும் இருக்கிறது. பொதுவாக அங்கே வழக்கறிஞர் வேண்டியதில்லை. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு அந்நாட்டின் 2014-ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

புகாருக்கு வேண்டியது ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகிலிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிடுங்கள். கைப்பேசியில் வந்த செய்தியை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள்.

தாய்மார்களே, மகள் முகம் வாடி வந்தால், "நீ ஏன் அங்கே போய் நின்றாய்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். நானும் ஒரு முறை அப்படிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

2023 முதல் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி வேலையிடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். நாளைக் காலை ஆபீசுப் பக்கம் போகும்போது, அது இருக்கிறதா என்று பாருங்கள்.